எதிர் பெஞ்சு

மாஷ் எங்கள் கடை மச்சில் நடந்துகொண்டே இருப்பார். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பாலக்காட்டில் எனக்கு ஒரு ஜவுளிக்கடை. கீழே கடை, மேலே பலகைத் தளம் போட்ட மச்சு. வாப்பா காலத்தில் அங்கே துணிமூட்டைகள் கிடந்தன. எழுபதாம் வருஷ வாக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் படிக்க ஓர் இடம் வேண்டுமென்று அதை எடுத்துக்கொண்டார்கள். வாசலில் பலகை மாட்டினார்கள். வெளியுறவுக் கொள்கை, பெருவியூகம் என்று எழுதியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் பலகையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு பாவாடைத்துணி விலை கேட்பார்கள்.

அந்தப் பாடத்தை நடத்த வந்தவர்தான் மாஷ். எங்கள் பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாரிலிருந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை எல்லாரும் மாஷ்தான். இவர் கிழக்கே கோபாலபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். வெளிநாட்டில் போய்ப் படித்தவர் என்று சொல்வார்கள். பேச்சில் அது துளியும் ஒட்டவில்லை.

வந்த புதிதில் நான் கேலியாகக் கேட்டேன். "மாஷே, பாலக்காட்டுல இருந்துட்டு மாஸ்கோவுக்கு வழி சொல்லப் போறீங்களா?"

"அவிய எங்கீங்க ராவுத்தரே நம்மளக் கேக்கறாங்க? நம்மாளுக காதுல உழுந்தாச் செரி."

"அதென்ன பெருவியூகம்? சண்டை போடற வித்தையா?"

"சண்டைய ஜெயிக்கறதுக்கு வியூகம் வேண்டியதில்லீங்க. சண்டை முடிஞ்சதுக்கப்புறமும் அவன் பக்கத்து ஊட்டுலதான குடியிருப்பான்? அதுக்குத்தானுங்க வியூகம்."

இதைச் சொல்லும்போதும் நின்று சொல்லவில்லை. கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டுதான் சொன்னார். நான் வலமும் இடமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். கழுத்து வலித்தது. டீ கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். "உக்காருங்க மாஷே" என்றால், "உக்காந்தா ஒரு பக்கந்தானுங்க தெரியுது" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் காது கூர்மை. மச்சுப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடுக்கு உண்டு. மேலே நடக்கிற பாடம் தூசியோடு சேர்ந்து என் தலையில்தான் விழும். வெள்ளை வேட்டி அடுக்குகளின் மேல் கறுப்புத் துணி ஒன்றை விரித்து வைத்தேன். சாயங்காலம் கடை அடைக்கிற நேரத்தில் அதை உதறினால், மாஷ் அன்றைக்கு எவ்வளவு நடந்தார் என்று தெரிந்துவிடும்.

மேலே அவர் வகுப்பு நடத்துகிற விதம் ஒரு தினுசு. நடுவில் ஒரு மேசை, அதன்மேல் விரித்த தேசப்படம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி நீள பெஞ்சுகள். ஒரு பெஞ்சு ஒரு நாடு, எதிர் பெஞ்சு இன்னொரு நாடு. அவரவர் நாட்டுக்காக அவரவர் வாதாட வேண்டும். தபாலாபீஸ்காரர், ரயில்வே கிளார்க், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள், எல்லாரும் ஆபீஸில் அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் அங்கே வந்து கொட்டுவார்கள். சூடு நன்றாக ஏறி, இனி கைகலப்புதான் என்கிற இடத்தில் மாஷ் கைதட்டிக் கூப்பிடுவார்: "மாறு!"

அவ்வளவுதான். இந்த பெஞ்சு எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும், அந்த பெஞ்சு இந்தப் பக்கம் வர வேண்டும். இதுவரை எவனை அயோக்கியன் என்று சொன்னானோ அவனுக்காக இனி வாதாட வேண்டும். கீழே எங்களுக்கு மச்சு இடிந்து விழுகிற மாதிரி தடதடவென்று காலடிச் சத்தம் கேட்கும்.

"மேல கபடியா வெளையாடுதாக, அண்ணாச்சி?" என்பார் மாரிமுத்து. என் கடை ஓரத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர். ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய், அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் இறங்கி வந்தவர். மாஷ் மேல் அவருக்கு ஒரு கண். "இந்த மனுசன் கால்ல சக்கரத்தக் கட்டி உட்டுட்டாங்க. சட்டைக்கு அளவெடுக்க நிக்கச் சொன்னா, அளவுநாடாவ வாங்கி எனக்கு அளவெடுக்காரு!"

அது பொய்யில்லை. எதிரில் ஓர் ஆள் இருந்தால் அந்த ஆளின் இடத்துக்குப் போய்விட வேண்டும், மாஷுக்கு. வேட்டி எடுக்க வந்தார் ஒரு நாள். விலை சொன்னேன். குறைத்துக் கேட்டார். நானும் கொஞ்சம் இறங்கினேன். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, துணி விரித்துக் காட்டுகிற மெத்தையில் ஏறி, கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் என் தோளோடு தோளாக வந்து நின்றுகொண்டார். தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். கடை வாசலைப் பார்த்தார்.

"ராவுத்தரே, இங்கிருந்து பாத்தா எப்பிடித் தெரியுதுங்க? நல்லாச் சம்பாதிக்கற ஆளு, சும்மா வெலையக் கொறைக்கறான். குடுக்காதீங்க."

"மாஷே, வாங்கறது நீங்கதானே!"

"வாங்கறவன் அங்க நிக்கறான். நான் உங்களுக்குச் சொல்றேன். எறங்காதீங்க."

கடைசியில் நான் குறைக்க, அவர் ஏற்ற, பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, நான் முதலில் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் அன்று முழுக்க ஏதோ தப்புச் செய்த மாதிரி இருந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "எல்லார் வீட்டுக்குள்ளயும் போயிப் பாக்கறாரு. அவரு வீட்டுக்கு எப்பப் போவாராம்?"

சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அவர் வீட்டுக் கதை அதற்கு முன்பே கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. கொண்டுவந்தவர் அவருடைய அண்ணன். அவர்கள் வீடு இந்தப் பக்கம் கேரளத்தில். வயல் அந்தப் பக்கம் தமிழ்நாட்டில். நடுவில் கோபாலபுரம் செக்போஸ்ட். அந்த நாளில் அரிசி நெல்லை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. சொந்த வயலில் விளைந்ததைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் கடத்தல்தான். அண்ணனுடைய மாட்டுவண்டியைப் பிடித்துவிட்டார்கள். படித்த தம்பி பேசினால் விடுவார்கள் என்று மாஷைக் கூட்டிப் போயிருக்கிறார்.

"ராவுத்தரே, உங்க மச்சுல எந்தம்பிய வெச்சிருக்கறீங்களே, அங்கயே பூட்டி வெச்சுக்குங்க. வண்டிய உடச் சொல்லுடான்னு கூட்டிட்டுப் போனா, போலீஸ்காரரு கொட்டாய்க்குள்ள போயி அவரோட நின்னுக்கிட்டு, 'அண்ணா, இங்கிருந்து பாத்தா நம்ம வண்டி கள்ளவண்டியாட்டத்தான் இருக்குது'ங்கறான். அந்தப் போலீஸ்காரரே சிரிச்சுப்போட்டாரு."

"வண்டிய விட்டாங்களா?"

"வண்டி வந்துச்சு. நெல்லு போச்சு. எங்கூட்டுல பொறந்து எதுத்த ஊட்டுக்கு வக்கீலு!"

மாஷிடம் கேட்டேன். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தபடி சொன்னார். "அன்னைக்கு அங்க மேலதிகாரி வர்ற நாளுங்க. உட்டிருந்தா அந்தாளு வேலை போயிருக்கும். எங்கண்ணனுக்கு மூட்டைதானுங்க போச்சு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "அண்ணன் எங்கூடப் பேசறதில்லீங்க. அதுவும் செரிதான்" என்றார். அந்த 'செரிதான்' எனக்குப் பிடிக்கவில்லை. தன் பக்கம் என்று ஒன்று இல்லாத ஆளை எங்கே பிடித்து நிறுத்துவது? அன்பு வைக்கலாம். நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியுமா?

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. கடையில் ரேடியோவைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். அப்படி ஒரு சாயங்காலம் கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரயில்பாதை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம்தான் வருஷா வருஷம் துணி எடுப்பார். ஒரே மகன் பட்டாளத்தில், மேற்கு எல்லையில். மலைக்குப் போகிறவர்களுக்காக நான் வைத்திருந்த கம்பளி மப்ளர்களில் ஒன்றை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க குளிரு எலும்புக்குள்ள போகுதாமுங்க மொதலாளி. அனுப்பிச்சாப் போய்ச் சேருமுங்களா?"

மேலே வகுப்பு. "மாறு!" என்ற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் வரவில்லை. யாரும் எழவில்லை.

"மாஷே, இன்னிக்கு வேண்டாம்" என்றது ஒரு குரல். தபாலாபீஸ்காரர்.

"இன்னைக்குத்தானுங்க வேணும். நாம ஜெயிக்கற அன்னைக்குத்தான் அவன் என்ன நெனைக்கறான்னு தெரியோணும். ஆரும் போகலியா? செரி, நான் போறேன்."

நடந்து போய் எதிர் பெஞ்சில் உட்காருகிற சத்தம் கேட்டது. மாஷுக்கு ஆவேசம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும், மலையாளம் போய்விடும், தமிழ் வந்துவிடும். அன்றைக்கு வந்தது. "நான் இப்ப அந்தப் பக்கத்துத் தளபதி. படத்தைப் பாருங்க. மேற்கு எல்லையில இந்த எடத்துல அவனுக ஆளு கம்மி. இங்க அடிச்சா ஒடஞ்சு போயிரும். நானா இருந்தா இங்கதான் அடிப்பேன்!"

பெரியவர் தலையைத் தூக்கி மச்சைப் பார்த்தார். அவர் முகத்தில் தூசி விழுந்தது. துடைக்கவில்லை.

"ஆருங்க மேல?"

"மாஷுங்க. பாடம் நடத்தறாரு. அது வந்து, ரெண்டு பக்கமும் மாறி மாறி..."

"பாடமா? அவரு சொல்ற எடத்துல எம்பையன் நிக்கறானுங்க. அவன எங்க அடிக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறது பாடமா?"

மப்ளரை மடித்தார். நன்றாகவே மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. மெத்தையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியவர் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். பராதி போய்விட்டது என்று இரண்டு வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. விசாரணைக்கு ஆள் வரப்போகிறது, பராதி நிஜம் என்றால் மாஷுக்கு வேலை போகும், வகுப்பையும் மூடிவிடுவார்கள் என்றார்கள். மாஷ் என்ன செய்தார் தெரியுமா? பஸ் ஏறிக் கஞ்சிக்கோட்டுக்குப் போனார்.

"பாத்தீங்களா பெரியவர?"

"வாசல்ல நின்னனுங்க. கதவு தெறக்கல. தெறக்காததும் செரிதான். அவரு எடத்துல இருந்தா நானும் பராதி குடுத்திருப்பனுங்க."

விசாரணைக்கு வருகிறவர் முன்னாலும் இந்த மனிதர் எழுந்து போய், எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, பராதிக்காரருக்காக வாதாடித் தன் வேலையைத் தானே தொலைத்துவிடுவார். போலீஸ்காரர் கொட்டகைக்குள் போனவர்தானே.

"மாஷே, கெஞ்சிக் கேக்கறேன். அந்த ஒரு நாள் மட்டும் உங்க நாற்காலியில உக்காருங்க. உங்க நியாயத்த மட்டும் சொல்லுங்க."

"பாக்கறனுங்க" என்றார். அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

யோசனை சொன்னது மாரிமுத்து. மிஷினை நிறுத்திவிட்டு, முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, எதிர்த்தாப்புல எடம் கெடந்தாத்தான அவரு போயி உக்காருவாரு? எடமே இல்லேன்னா?"

எவ்வளவு சுலபம்! எங்களுக்கு அது பெரிய வியூகமாகவே பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் நாங்கள் மேலே ஏறினோம். நான், மாரிமுத்து, டீக்கடைக்காரர், தபாலாபீஸ்காரர், வகுப்பில் படிக்கிற இன்னும் சிலர். எதிர் பெஞ்சில் இடித்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பராதிக்காரருக்கு மட்டும் என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டோம். மாஷுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு நாற்காலி.

விசாரணை அதிகாரி ஒல்லியான மலையாளி. கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார். பெரியவர் தனியாகத்தான் வந்தார். சலவைச் சட்டை, கையில் குடை. இத்தனை பேரைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து நான் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பெஞ்சு நடுங்கியது. அவர் கால் ஆடிய ஆட்டம் பலகை வழியாக எங்கள் எல்லாருக்கும் வந்தது.

மாஷ் வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பார்த்தார். பாதி எழுந்தார். கண் எங்கள் வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனது. போக இடமில்லை. மறுபடி உட்கார்ந்தார். மாரிமுத்து என் விலாவில் இடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு பெரியவரிடம் கேட்டார். "இவரெல்லாம் நிங்ஙளுடெ ஆளுகளாணோ?" இவர்கள் எல்லாம் உங்கள் ஆட்களா என்கிறார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்!

பெரியவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அந்தப் பக்கம் டீக்கடைக்காரரைப் பார்த்தார். பெஞ்சு இன்னும் அதிகமாக நடுங்கியது. சுற்றிலும் மாஷின் ஆட்கள் நடுவில் தான் ஒருவன் அகப்பட்டுக்கொண்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மாஷ் பார்த்துவிட்டார்.

"ஆமாம் சார்" என்று மாஷ் மலையாளத்தில் சொன்னார். "அவருக்குத் துணையாக வந்தவர்கள்தான்."

"நாம மாஷ் ஆளுகன்னு சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லுங்க!" என்று மாரிமுத்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்தும் விட்டேன். அந்த நேரம் என் தொடைக்குப் பின்னால் பெஞ்சு அசையாமல் நின்றது தெரிந்தது. பெரியவரின் கால் ஆட்டம் நின்றுபோயிருந்தது. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சொல்ல வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மகன் எங்கே நிற்கிறான், அன்றைக்குத் தன் காதில் என்ன விழுந்தது, எல்லாம் தெளிவாக. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மாஷிடம் கேட்டபோது, தன் பாடமுறையை நாலு வார்த்தையில் சொன்னார். நாற்காலியை விட்டு அசையவில்லை. அவர் நாற்காலியில் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். "நாட்டுகாரெல்லாம் எதிராணல்லோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அதிகாரி எழுதினார். ஊரே எதிராக இருக்கிறதே என்று. பரீட்சை முடிகிற வரை வகுப்பு நடக்கலாம், அதற்கப்புறம் வகுப்பும் கிடையாது, மாஷுக்கு அங்கே வேலையும் கிடையாது என்று பின்னால் உத்தரவு வந்தது.

அதிகாரி போனதும் எல்லாரும் இறங்கினோம். மரப்படி செங்குத்து. பெரியவருக்கு முன்னால் மாஷ் பின்பக்கமாகவே இறங்கி, அவர் கை வைத்துக்கொள்ளத் தோளைக் காட்டினார். கடைக்குள் வந்து நின்றதும் பெரியவர் கேட்டார். "அவியெல்லாம் எங்காளுக இல்லீங்களே. ஏனுங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"நீங்க ஒத்தையா இருந்தீங்க" என்றார் மாஷ். அதற்குள் சுவரோரம் நடக்க ஆரம்பித்திருந்தார். "அங்கிருந்து பாத்தா எங்க பக்கம் எப்பிடித் தெரியும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்லீங்க."

பெரியவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்கெடத்துக்கு வந்து பாத்துட்டீங்க, செரி. அன்னைக்கு மேல உக்காந்து பேசுனப்போ, எம்பையன் நிக்கற எடத்துக்குப் போனீங்களா?"

மாஷின் நடை நின்றது. 

"இல்லீங்க" என்றார் மாஷ். "தளபதி எடத்துக்குத்தானுங்க போனேன். எப்பவுமே அங்கதான் போயிருக்கறேன்."

கை பின்னால் துழாவியது. தையல் மிஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலி அகப்பட்டது. யாரும் சொல்லாமல், அதில் உட்கார்ந்தார்.

பெரியவர் என்னிடம் திரும்பி, "அந்த மப்ளர் இருக்குதுங்களா மொதலாளி?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பின்னும் மாஷ் எழவில்லை.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குப் போகும்போது அந்த முக்காலியைக் கேட்டு வாங்கிப் போனார். மாரிமுத்து முறைத்தார், பிறகு ஒரு துணிக்கட்டை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தைத்தார். மேசையோரம், தேசப்படத்தின் எல்லைக்கோட்டில், பட்டாளத்துப் பிள்ளைகள் நிற்கிற இடத்துக்கு நேராக முக்காலியைப் போட்டிருக்கிறாராம். தபாலாபீஸ்காரர் சொன்னார். பெஞ்சு மாறுவதற்கு முன் ஒவ்வொருவராக அதில் போய் உட்கார வேண்டுமாம். அங்கே வாதாடக் கூடாதாம். சும்மா உட்கார்ந்து எழுந்துவிட வேண்டுமாம்.

கீழே எங்களுக்கு அது எதுவும் கண்ணில் தெரியாது. சத்தம்தான் தெரியும். "மாறு!" என்பார். முன்னெல்லாம் உடனே தடதடவென்று வரும். இப்போது வராது. வாடிக்கைக்காரருக்கு முழம் போட்டுக்கொண்டிருக்கிற என் கை தானாக நிற்கும். மாரிமுத்துவின் மிஷின் நிற்கும். தூசிகூட விழாது. பிறகு, வெகுநேரம் கழித்து, மேலே யாரோ ஒருவர் மெல்லக் காலெடுத்து வைப்பது கேட்கும்.